கதவு சாத்திய நாட்கள்

பதுளைக்குப் பக்கத்தில், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், என் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் ஒரு அத்தை தனியாக இருந்தார். இரத்த உறவு கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உறவாகத்தான் ஆக வேண்டும்; லயத்துச் சுவர் அவ்வளவு மெல்லியது. அவர் இருமினால் என் அம்மா இங்கிருந்தே, "சுடுதண்ணி குடிங்க மதினி" என்பார். "என் வூட்டு இருமலுக்கு ஒன் வூட்டுல எதுக்குக் காதக் கொடுத்துக்கிட்டு இருக்க?" என்று பதில் வரும். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இந்தப் பதிலே போதும்.

யாரையும் நம்ப மாட்டார். கடையில் தைலப் போத்தல் வாங்கினால் மூடி பிரிக்காமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாதித் தேங்காய் வாங்கினால் மற்றப் பாதி யாருக்குப் போனது என்று விசாரிப்பார். தேயிலைத் தூளை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்த்துவிட்டு, "இது கூட்டிப் பெருக்குன தூளு" என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்வார். வேலை செய்கிறவர்களுக்குத்தான் தோட்டம் தூள் கொடுக்கும். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தேயிலை. அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு தேயிலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது அவருக்கு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அவரும் ஒரு காலத்தில் கொழுந்து எடுத்தவர்தான். மழை நாளொன்றில் கொழுந்து மூட்டையோடு மலையிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு மலையேறவில்லை. ஊனமுற்றவர்களுக்குக் கிடைக்கும் மாதக் கொடுப்பனவுதான் சாப்பாடு, மருந்து, கரண்ட் பில், எல்லாமும். அதில் சம்பலும் ரொட்டியும் வயிற்றுக்கு எட்டும். மீன் கண்ணுக்கு மட்டும் எட்டும். மாதக் கடைசியில் பருப்பு வேகும் வாசனை அந்தப் பக்கத்திலிருந்து வராது. அம்மா ஒரு கோப்பையில் ஏதாவது ஊற்றிக் கொடுத்துவிடுவார். அத்தை கதவை ஒரு விரல் அகலம் திறந்து, "என்னா விசேசம்? எதுக்குக் கொடுத்துவிட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். மறுநாள் கோப்பை கழுவித் துடைத்துத் திரும்பி வரும். நன்றி வராது.

கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில நாட்களில் அந்தக் கதவு காலையிலிருந்து சாத்தியே கிடக்கும். வேறு சில நாட்களில் திறந்திருக்கும். அத்தை ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில், அதுதான் காம்பராவுக்கு முன்னால் உள்ள சின்னத் தாழ்வாரம், அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள், மலையூற்றுப் பீலியில் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். சாத்தியிருந்தால் உடம்பு முடியவில்லை, திறந்திருந்தால் பரவாயில்லை என்று லயமே நினைத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கோப்பை சாத்திய நாட்களில்தான் போகும்.

பணம் எடுக்கத் தபால் கந்தோருக்குப் போகும் நாளும் இப்படித்தான் ஒரு கூத்து. காசு வந்துவிட்டது என்று தெரிந்தாலும் உடனே கிளம்ப மாட்டார். இரண்டு நாள், மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பார். பிறகு ஒரு நாள், முகமெல்லாம் சுருங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் போவார். நாலு பேர் பார்க்க இறங்குவார், நாலு பேர் பார்க்க ஏறுவார். பஸ்ஸில் போனால் பதுளை வரைக்குமே சில்லறைதான். "ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசுல ஒரு கிழமைக்கு அரிசி வாங்கலாமே அத்தே, கொஞ்சம் நல்லா இருக்கிற நாளாப் பார்த்து பஸ்ஸுல போனா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஒன்னைய யாரு கேக்கச் சொன்னா?" என்றார்.

நான் பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். ஒரு நாள் கடைக்கு லீவு. லயத்தில் எல்லாரும் மலைக்குப் போயிருந்தார்கள். அத்தையின் கதவு சாத்தியிருந்தது. மரவள்ளி இலை பறிக்கலாமென்று லயத்தின் பின்பக்கம் போனேன். அத்தை அங்கே அவரைப் பந்தலுக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் இல்லை. நிமிர்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வாயில் ஒரு துண்டுக் கயிறைக் கவ்விக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு நின்றார்.

என் காலடியில் சருகு நொறுங்கியது. அடுத்த நொடி அவர் கை இடுப்புக்குப் போனது, முதுகு வளைந்தது.

"எந்நேரமா நிக்கிற அங்க?"

"இப்பதான் அத்தே வந்தேன்."

"யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல. மரவள்ளி எலைக்கு வந்தேன்."

"மரவள்ளி எலைக்கு வந்தவ எலையப் பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் இந்த மனுஷி எங்கள் அம்மாவின் கஞ்சியை வாங்கிக் குடித்துக்கொண்டு எங்களையெல்லாம் முட்டாளாக்கியிருக்கிறார் என்றுதான் தோன்றியது. நல்லாயிருக்கும் நாளில் கதவைச் சாத்திக்கொள்வது, மற்ற நாளில் வாசலில் உட்கார்ந்து முகத்தைச் சுளிப்பது. நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம்.

மறுநாள் ஒரு கை அவரைக்காயோடு அவரே வந்தார். எங்கள் வாசலுக்கு அவர் வந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தார்.

"புள்ள, நீ மலையில வேல செஞ்சதில்ல. ஒனக்குத் தெரியாது," என்று ஆரம்பித்தார். "ஒரு நாளைக்குக் கொழுந்து நல்லா நிக்கும், கையும் ஓடும். கூடக் கொஞ்சம் எடுத்துறலாம். எடுக்க மாட்டோம். ஏன்னு சொல்லு?"

"ஏன்?"

"எடுத்துக் காட்டுனா அதுதான் மறுநாக் கணக்கு. 'நேத்து எடுத்தியே, இன்னைக்கி என்னா கேடு?'ன்னு கேப்பாரு கணக்கப்புள்ள. கணக்குக்குக் கொறஞ்சா அரப்பேரு போட்டுருவாரு. பாதிச் சம்பளம். அதனால நல்ல நாளக் காட்டவே கூடாது. ஒரு நல்ல நாளக் காட்டுனா, கெட்ட நாளெல்லாத்தையும் அதோட வச்சுத்தான் நிறுப்பாங்க."

"அப்ப வலி இருக்குதா இல்லையா அத்தே?"

"இருக்கு. இல்ல. எனக்கு ஒடம்பே அரப்பேருதான்." அவரைக்காயை என் மடியில் போட்டார். "ஒங்கம்மாகிட்டக்கூடச் சொல்லாத."

நான் சொல்லவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறவளும் இதைத்தானே சொல்வாள்? அன்றிலிருந்து நானும் சுவருக்கு இந்தப் பக்கம் காதைக் கொடுக்க ஆரம்பித்தேன். சாத்திய நாட்களில் அங்கே பாத்திரம் உருளும், செருப்புச் சத்தம் கேட்கும். திறந்த நாட்களில் காலையில் விடியும்போதே ஏதோ இழுபடும் சத்தம் வரும், சாக்கை இழுப்பது மாதிரி. அது என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை. நடிப்பதற்கு ஏதோ ஆயத்தம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. மண்சரிவு வரலாம், எல்லாரும் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அத்தையின் கதவு சாத்தியிருந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். தட்டினேன்.

"நடந்து வந்துறலாம் அத்தே, நான் பிடிச்சுக்கிறேன்," என்றேன்.

"அத்தன சனம் இருக்கும் அங்க," என்றார் உள்ளேயிருந்து.

"மண்ணு வந்தா யாரும் இருக்க மாட்டாங்க."

"என்னைய தூக்கிட்டுத்தான் போகணும். இல்லாட்டி நான் இங்கேயே கெடக்குறேன்."

ரோடு இல்லாத லயங்களில் நோயாளியைக் கம்பளியில் தொட்டில் மாதிரிக் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, ஆள் மாற்றி ஆள் தோளில் தூக்கிப் போவார்கள். அப்படித்தான் அத்தையையும் தூக்கினார்கள். வழியெல்லாம் சேறு. எதிர் லயத்துச் சின்னம்மாவின் மகன் பாதி வழியில் வழுக்கி விழுந்து முழங்கால் தோல் உரிந்துபோனான். கம்பளிக்குள்ளிருந்து ஒரு சத்தம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், எழும்பி நடங்க என்று எல்லார் முன்னாலும் கத்தியிருப்பேன். வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் இருந்த மூன்றாம் நாள், வகுப்பறையில் யாரும் இல்லையென்று நினைத்து அத்தை பிள்ளைகள் உட்காரும் வாங்கின் மேல் ஏறி நின்று, ஈரக் கம்பளியை ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டார். சின்னம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் மகன் முட்டி பேந்து கெடக்கான். இங்க மகாராணி வாங்குல ஏறி நிக்கிறா," என்று சின்னம்மா சொன்னது அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அத்தை மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மழை விட்டு லயத்துக்குத் திரும்பினோம். யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடுப்பனவு யாருக்கெல்லாம் உண்மையாகவே தேவை என்று பார்க்க ஆபீஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி, எங்கள் பேச்சில் நோனா, வந்தார். சின்ன வயது, சிங்களம் மட்டும்தான் தெரியும். அன்று நான் வீட்டில் இருந்தேன். எனக்குக் கடையில் பழகிய சிங்களம் உண்டு. மொழி மாற்றிச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

அத்தையின் கதவு சாத்தியிருந்தது.

தட்டியதும் ஒரு விரல் அகலம் திறந்தது. "நீதான் கூட்டியாந்தியா?" என்றார் என்னிடம், மெதுவாக. "இல்ல அத்தே" என்றேன். அவர் கண்ணில் அந்த "இல்ல" ஏறவே இல்லை.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நோனா நடக்கச் சொன்னார். நடந்தார். நடிக்கத்தான் பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வலி இல்லாத நாளில் வலியை நடிக்க அவருக்கு வரவில்லை. கால் தானாகவே சரியாகப் போய் ஊன்றியது. பீலியில் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நோனா அத்தையிடம் ஏதோ கேட்டார், நான் சொன்னேன்: "உங்களால நடக்க முடியுமா, முடியாதான்னு கேக்குறாங்க."

"இன்னைக்கா, நாளைக்கா?" என்றார் அத்தை.

அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அதோடு மலைக் கணக்கையும், அரைப்பேரையும் சேர்த்து விளக்கப் பார்த்தேன். நோனாவுக்கு விளங்கவில்லை.

"நான் ரெண்டு வார்த்த சொன்னேன். நீ என்னா இவ்வளவு நேரம் பேசுற?" என்றார் அத்தை. "என்னா சொல்லிக் கொடுத்த?"

நோனா பொறுமையாகத்தான் இருந்தார். தான் நாளைக்கு வேறு பக்கம் போக வேண்டும், மறுபடி வர முடியாது, இன்று பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நீதானே பக்கத்து வீடு, உண்மையைச் சொல், இவரால் முடியுமா முடியாதா என்று கேட்டார்.

முடியும் என்றால் அவருக்கு அடுத்த மாதம் ரொட்டிகூட இல்லை. முடியாது என்றால் இத்தனை பேர் முன்னால் நான் பொய் சொல்கிறவள். அதைவிடப் பெரிய சங்கடம், எனக்கே உண்மை தெரியாது.

"என்னா கேக்குறா ஒன்கிட்ட?"

சொன்னேன். அத்தை என் முகத்தையே பார்த்தார். நான் என்ன பதில் வைத்திருக்கிறேன் என்று தேடினார். அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டார் போலிருக்கிறது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"உள்ள வரச் சொல்லு," என்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தக் காம்பராவுக்குள் அன்றுதான் முதன்முதலாகக் காலை வைத்தேன். கட்டில் இருந்தது, அதன்மேல் பழைய பெட்டிகள். படுக்கை கீழே, பாயில். லயத்து அடுப்பு மேடையில் சாம்பல்கூட இல்லை. மூலையில் தரையில் மூன்று செங்கல், அதிலிருந்து புகைக்கரி தரையோடு தொடங்கிச் சுவரில் மேலே ஏறியிருந்தது. அரிசி டின், கோப்பை, தைலம், தண்ணீர்க் குடம் எல்லாம் தரையில், பாயிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில். முகம் பார்க்கும் கண்ணாடி என் முழங்கால் உயரத்தில். அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில், முருகன் படம். படத்துக்குக் கீழே விளக்கின் எண்ணெய் வழிந்து சுவர் பிசுபிசுத்துக் கறுத்திருந்தது. பழைய ஆணி மேலே வெறுமனே இருந்தது.

பாயிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து கதவுக்கும் சிமெந்துத் தரையில் ஒரு தடம் பளபளவென்று மின்னியது. விடியும்போது நான் கேட்ட இழுபடும் சத்தம் அதுதான். சாக்கு இல்லை, அத்தை தன்னையே இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார்.

அந்த வீட்டில் நின்றுகொண்டு செய்வதற்கு எதுவுமே இல்லை.

நோனா சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். கையை நீட்டி அரிசி டின்னைத் தொட்டார், கோப்பையைத் தொட்டார். கண்ணாடியில் அவர் முகம் சரியாகத் தெரிந்தது.

"என்னா பேசாம இருக்கா?" என்று அத்தை என் காதில் கேட்டார். "அந்த டின்னுல என்னா இருக்குன்னு பாக்குறாளோ?"

நோனா என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. கொடுப்பனவு நிற்கவில்லை. பீலியடியில் சின்னம்மா மட்டும், "ஆளு வர்றாங்கன்னு தெரிஞ்சதும் எல்லாத்தையும் கீழ எறக்கி வச்சிருப்பா," என்றார். அந்தச் சுவர்க்கரியைப் பற்றி, தரையைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, "நீ சின்னப் புள்ள, நம்புவ," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அத்தைக்கோ வேறு கவலை. மறுநாள் கதவு திறந்திருந்தது. இஸ்தோப்பில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கடைக்குக் கிளம்பியபோது கூப்பிட்டார். "நேத்து நான் சொன்னத மட்டுந்தான் அவகிட்டச் சொன்னியா?" என்றார். ஆமாம் என்றேன். "காச நிறுத்துறேன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போனாளே, எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. வேற என்னமோ எதிர்பாக்குறாங்க," என்றார். சிரிப்பு வந்தது எனக்கு. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு அம்மாவின் கோப்பையை நான்தான் திறந்த கதவுக்குக் கொண்டுபோனேன். அதன்பிறகு திறந்த நாட்களில்தான் கொண்டுபோவது. சாத்தியிருக்கும் நாளில் எனக்குள் ஒரு நிம்மதி இருக்கும். இன்றைக்கு அவர் நிமிர்ந்து நிற்கிறார் என்று.

லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று சொல்லி எங்களை லயத்தைக் காலி செய்ய வைத்தபோது, மொனராகலையில் இருக்கும் தங்கை வந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே குளிர் இல்லை, இடுப்புக்கு நல்லது என்றார்கள். விட்டுப் போகிற வீட்டுக்குப் பூட்டுப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, "அவரப் பந்தல்ல யாரையும் கைய வைக்க விடாத. நீயும் பாத்து எடு," என்றுவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

போன மாதம் அந்தத் தங்கையின் மகள் எங்கள் கடைக்குச் சேலை எடுக்க வந்திருந்தாள். பார்த்ததும் அத்தையைத்தான் கேட்டேன்.

"பெரியம்மாவா? நல்லா இருக்காங்கக்கா. இங்க மாதிரி கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்குறதே இல்ல. தெனமும் விடியக் காலையிலேயே வாசல்ல வந்து உக்காந்துக்குறாங்க. கதவு எந்நேரமும் தொறந்துதான் இருக்கு. சனம் போறதையும் வாறதையும் பாத்துக்கிட்டு இருக்காங்க," என்றாள் சந்தோஷமாக.

விரித்த சேலை என் கையிலேயே நின்றுவிட்டது. தினமுமா? ஒருவேளை அந்த ஊரில் அவருக்குப் பயம் போயிருக்கலாம். நல்ல நாளிலும் வெளியே வந்து உட்காரப் பழகியிருக்கலாம். அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் நான் அவர் பக்கத்தில் வளர்ந்தவள். ஆசைப்பட்டதை நம்ப எனக்கு வரவில்லை.

"சாமி படத்த எங்க மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அத ஏங்கக்கா கேக்குறீங்க? அப்பா ஆணி அடிச்சு நல்லா மேலதான் மாட்டுனாரு. போன கிழமதான் பெரியம்மா சண்ட புடிச்சு அதத் தரைகிட்ட எறக்க வச்சாங்க."

நான் சேலையை மடித்துப் பையில் போட்டேன். பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு தைலப் போத்தல் வாங்கி வந்து அவளிடம் கொடுத்தனுப்பினேன். கொடுப்பதற்கு முன்னால் மூடி பிரிக்காமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.